நாலு டயரும் ஒரே அளவு

போன வருடம் கர்க்கடக மாத, அதாவது நம் ஆடி மாத மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு மூட்டைகள் அடுக்கிய கோடவுன்களுக்கு நடுவே உள்ளே நுழையும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா கார்ப்பரேஷனில் தண்ணீர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதாவது, அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது சிரிக்க வசதியாக இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. வளைகுடாவில் நர்ஸ். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவள், ஆனால் பேசினால் ஐம்பது வயது மூத்தவள் போல இருக்கும். முந்தைய லீவில் வந்தபோது களமசேரிப் பக்கம் ஒரு பழைய கார் கடையில் கறுப்பு நிறத்தில் ஒரு ஜெர்மன் கார் வாங்கினாள். அவள் சம்பாதித்து அவளே வாங்கியது. அந்தக் கார் எங்கள் சந்துக்குள் வந்து நின்ற அன்று, ஊரில் அலைகிற ஆடுகள்கூட சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போயின. லீவு முடிந்து அவள் விமானம் ஏறிய நாளிலிருந்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கிற பொறுப்பு என்னுடையது. வாரம் ஒருமுறை என்று அவள் சொன்னதை நாள் ஒருமுறை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த லீவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போனில் கூப்பிட்டாள்.

“இந்தத் தடவை ஒரு முடிவெடுக்கணும்டா. ஒண்ணு, அந்த வண்டியை வித்துடணும். இல்லேன்னா சாவியை உன் கையில குடுத்துட்டுப் போகணும். டயர் நாலும் மொட்டையாச்சு. நான் வர்றதுக்குள்ள மாத்தி வை. அந்த ஒரு காரியத்தை ஒழுங்கா செய்யறியான்னு பாக்கறேன்.”

அவ்வளவுதான். அவளுக்கு அது சாதாரணமாகச் சொன்ன ஒரு வேலை. எனக்கு அது பரீட்சை. தேறினால் ஜெர்மன் கார் என் கையில். தோற்றால் மறுபடியும் என் பழைய ஸ்கூட்டரும் மழைக்கோட்டும்.

பரீட்சை என்று வந்துவிட்டால் நான் படிக்காமல் விடமாட்டேன். அன்றைக்கே காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முன் டயர்கள் 225. பின் டயர்கள் 255. அதாவது பின்னால் இருப்பவை முப்பது மில்லிமீட்டர் அகலம் கூடியவை. கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருமாம். எஞ்சினின் இழுவை முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகிற வண்டி என்பதால் அங்கே அகலமான டயர்.

மற்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு ‘சரி, முன்னால் ரெண்டு சின்னது, பின்னால் ரெண்டு பெரிசு’ என்று வாங்கிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அளவு வேறு வேறாக இருந்தால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேய்ந்துபோகும், தேய்ந்ததைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நாலும் ஒரே அளவாக இருந்தால்? சில மாதங்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு நாலையும் சமமாகத் தேய வைக்கலாம். நாலும் 255 என்று போட்டால் முன்பக்கமும் சாலையை நன்றாகப் பிடிக்கும். ஜெர்மனியில் இத்தனை எஞ்சினியர்கள் இருந்து ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு அட்டவணை தயாரித்தேன். டயரின் விட்டம், உயரம், ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் எல்லாவற்றையும் நாலு வண்ணத்தில் போட்டேன். விட்டத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வந்தது. துள்ளிக் குதித்தேன். இணையத்தில் இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிற ஓர் இடத்தில் கேள்வியும் கேட்டேன். ஏதோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர் உடனே பதில் போட்டார். அவரும் நாலும் 255தான் போட்டிருக்கிறாராம், அருமையாக ஓடுகிறதாம். கடைசியில் ஒரு வரி: ‘ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும் முன் டயர் லேசாக உரசும். ஆனால் தினசரி ஓட்டத்தில் யார் அவ்வளவு ஒடிக்கப்போகிறார்கள்?’

தன் வீட்டு வாசலில் கார் நிற்கிற படத்தையும் போட்டிருந்தார். அந்த வாசலில் எங்கள் சந்து முழுவதையும் மடித்து வைத்துவிடலாம். படத்தை ரசித்தேன், லைக் போட்டேன். அந்தக் கடைசி வரியை மட்டும் யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, தோப்பும்படி போகிற வழியில் இருக்கிற டயர் கடைக்குக் காரைக் கொண்டுபோனேன். கடை நடத்துகிற சேட்டனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். தமிழ்நாட்டு லாரிக்காரர்களிடம் பேசிப் பேசி அவருக்கும் தமிழ் வந்துவிட்டது. மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் இறங்குகிற ஒரு தமிழ், ‘செய்யலாம்’ என்பது ‘செய்யாம்’ ஆகிவிடும்.

அவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “முன்னாடி 225, பின்னாடி 255. அல்லே?” என்றார்.

“இல்ல சேட்டா. நாலும் 255 போடுங்க.”

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். “கம்பெனிக்காரன் முன்னாடி சின்னதும் பின்னாடி வலுதும் போட்டா அதுக்கொரு காரணம் உண்டு மோனே. டிரைவர் டோர் தொறந்தா அங்க ஸ்டிக்கர்ல எழுதி வெச்சிருக்கு. அது போட்டா போதும்.”

நான் அட்டவணையை எடுத்தேன். அச்சடித்தே கொண்டுபோயிருந்தேன். பத்து நிமிடம் விளக்கினேன். விட்டம் என்றேன், சுற்றளவு என்றேன், இடமாற்றம் என்றேன். காற்றடிக்க வந்த ஒரு ஆட்டோக்காரர் தன் வேலை முடிந்தும் போகாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது உற்சாகத்தைக் கூட்டியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சேட்டன் சொன்னார்: “ஒரு காரியம் செய்யாம். முன்னாடி ஒரு வீல் மட்டும் போட்டு, ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் ஒடிச்சு நோக்காம். ஓக்கேன்னா பாக்கி மூணும் போடாம்.”

எவ்வளவு எளிமையான யோசனை! ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு இரண்டு மணிக்கு ஆபீஸில் மீட்டிங். அதைவிட, மூன்று ராத்திரி கணக்குப் போட்டுவிட்டு வந்தவனிடம் ‘போட்டுப் பார்க்கலாம்’ என்றால் எப்படி இருக்கும்?

“வேண்டாம் சேட்டா. நான் இதெல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்” என்றேன்.

ஆட்டோக்காரர் அவரிடம், “படிச்ச பையன் அல்லே, போட்டுக் குடுங்க” என்றார். சேட்டன் ஜாக்கியைக் காருக்கு அடியில் தள்ளினார்.

புது டயரில் கார் கம்பீரமாக நின்றது. முன்பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது போல ஒரு அழகு. மாலை ஆபீஸ் முடிந்து திரும்பும்போது மழையில் சாலையை அப்படிப் பிடித்தது. குண்டன்னூர் பாலத்தில் நான் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தேன். பஜார் ரோடு வந்தது. எங்கள் சந்துக்குத் திரும்புகிற கோடவுன் மூலை வந்தது.

இங்கே எங்கள் சந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஜார் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று திருப்பம். மூன்றிலும் ஸ்டியரிங்கை இதற்குமேல் போகாது என்கிற வரைக்கும் ஒடித்தால்தான் கார் திரும்பும். அப்பா பிறகு விற்றுவிட்ட பழைய காரில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அப்படித்தான். அதனால் முழுசாக ஒடிப்பது என்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அதைச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. குளிர் நாட்டுக்காரர் ‘யார் அவ்வளவு ஒடிக்கப்போகிறார்கள்’ என்று கேட்டபோது, நானும் ‘அதானே, யார்?’ என்றுதான் நினைத்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை நான்.

முதல் திருப்பத்தில் ஒடித்தேன்.

‘க்ர்ர்ர்ர்ர்க்.’

ஏதோ கல் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இரண்டாவது திருப்பம். ‘க்ர்ர்ர்ர்ர்ர்க்.’ இப்போது இன்னும் நீளம். பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுகிற இக்கா, மழைக்கு ஒதுங்கி நின்றவர், “என்னடா மோனே, வண்டிக்கு வயிறு சரியில்லையா? ஒரு சோடா வாங்கிக் குடு” என்றார். மூன்றாவது திருப்பம் எங்கள் வாசலிலேயே. கார் நீண்ட குரலெடுத்து உரசிக்கொண்டே வந்து நின்றது. உள்ளே போனால் அம்மா அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு வீட்டுல இந்நேரத்துக்குத் தேங்கா திருவுறாங்க? இவ்வளவு சத்தமா?”

மறுநாள் விடிந்ததும் மழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். அகலமான டயர், சக்கரத்தின் மேலே உள்ள மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் உரசி ஒரு பிறை வடிவத்துக்குத் தேய்த்திருந்தது. சரி, உரசல்தானே, இடமாற்றிப் போடுகிற லாபமாவது மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது, ரிம்மின் உள்பக்கம் வார்த்திருந்த அகல எண் தெரிந்தது. எட்டு அங்குலம். எழுந்து பின்சக்கரத்துக்கு ஓடினேன். எட்டரை.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். டயர் மட்டுமா, ரிம்மே முன்னும் பின்னும் வேறு அகலம். முன்சக்கரத்தை அப்படியே கழற்றிப் பின்னால் போடவே முடியாது. நாலு சட்டையையும் ஒரே அளவில் தைத்துவிட்டு, போடப்போகிறவர்கள் அப்பாவும் மகனும் என்பதை மறந்துபோன தையல்காரனின் நிலைமை என்னுடையது. நாலு வண்ண அட்டவணையில் டயரைப் பற்றி இல்லாத விவரம் இல்லை. ரிம்மைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காரணம், நான் அதைப் பார்க்கவே இல்லை.

அப்போதே கடைக்குப் போயிருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். என்னால் போக முடியவில்லை. ‘படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்’ என்று சொன்ன வாயோடு எப்படிப் போவது? அக்கா வர இன்னும் இரண்டு நாள். அதற்குள் ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்த வழி, முழுசாக ஒடிக்காமல் ஓட்டுவது. ஒரு திருப்பத்துக்குப் பதினோரு தடவை முன்னும் பின்னும் போய் வந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். கோடவுனில் மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, “போரட்டே, வரட்டும், நில்லு நில்லு” என்று இரண்டு பக்கமும் நின்று வழிகாட்டினார்கள். மூன்றாவது தடவை நான் வந்தபோது அதில் ஒருவர், “இவன் லைசென்ஸ் புதுசா எடுத்தானோ?” என்று மற்றவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தச் சந்தில் நான் எட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நெடும்பாசேரி விமான நிலையத்தில் அக்காவை அழைத்துக்கொண்டேன். இரண்டு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி, டேப் சுற்றிய ஒரு அட்டைப்பெட்டி. வழி முழுவதும் அகலச் சாலை. கார் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்தது.

“பரவாயில்லையேடா. சத்தமே இல்ல. நல்லா மாத்தியிருக்க” என்றாள்.

பஜார் ரோடு ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பெட்டிகளை நான் சுமந்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“இந்த மழையிலயா? உனக்கென்ன பைத்தியமா? இறங்கு, நான் ஓட்டறேன். எவ்வளவு நாளாச்சு நம்ம சந்துல வளைச்சு!”

இறங்கி மாறி உட்கார்ந்தேன். கோடவுன் மூலை. அவளும் அந்தச் சந்தில் வளர்ந்தவள். ஒரே ஒடிப்பு.

‘க்ர்ர்ர்ர்ர்ர்ர்க்.’

பிரேக் போட்டாள். மழை கண்ணாடியில் வழிந்தது. என் பக்கம் திரும்பினாள். “என்னடா இது?”

இதோ, இந்த இடத்தில்தான் நான் வெட்கப்பட வேண்டிய காரியம் நடந்தது. டயர் தப்பாக வாங்கியது முட்டாள்தனம், யாருக்கும் வரும். ஆனால் அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்ததை என் வாய்தான் சொன்னது என்று நம்பவே எனக்கு நேரமாயிற்று.

“கடைக்காரர் அளவு மாத்திப் போட்டுட்டார் போல அக்கா. முன்னாடிக்கும் பெரிசே போட்டுட்டார்.”

“உனக்குத் தெரியாமயா?”

“எனக்கெங்க இதெல்லாம் தெரியும்?”

உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருபத்தைந்து வருடம் அவளிடம் வாதாடியவன் நான். முதல் தடவையாகத் ‘தெரியாது’ என்றேன், அதுவும் பொய்யாக. அவள் நம்பிவிட்டாள். அதுதான் கஷ்டம்.

சனிக்கிழமை காலை சாயா குடித்த கையோடு கிளம்பினாள். “வா, அந்த ஆளைப் பாக்கணும்.” போகிற வழியெல்லாம் என் மனதில் ஓடிய ஒரே நினைப்பு, அந்தச் சேட்டன் இன்று கடைக்கு வராமல் இருக்க வேண்டுமே என்பதுதான். வந்திருந்தார். கடையில் கூட்டம் வேறு. மீன் வண்டி டிரைவர் ஒருவர் பஞ்சருக்காக நின்றார். ஸ்கூட்டருக்குப் புது டயர் மாற்ற ஒரு டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூலையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் டடடடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்துகிறவள் இல்லை. வார்டில் இருபது பேரை அதட்டிப் பழகிய குரல்.

“சேட்டா, இந்த வண்டிக்கு டயர் போட்டது நீங்கதானே? முன்னாடி என்ன சைஸ் போடணும்னு கதவுல கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு. கண்ணு தெரியலையா? ஒண்ணும் தெரியாத பையன் வந்தா கையில இருக்கிறதைத் தலையில கட்டி அனுப்பிடுவீங்களா?”

சேட்டன் கையில் இருந்த ஸ்பேனரோடு நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ‘ஒண்ணும் தெரியாத பையன்’ அந்த நேரம் சுவரில் இருந்த காலண்டரில் ஆழ்ந்திருந்தான். அதில் ஒரு டயரின் படம் மட்டும்தான் இருந்தது. அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

இப்போது அவர் சொல்லப்போகிறார், அந்த அட்டவணை, அந்தப் பத்து நிமிடப் பிரசங்கம் எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அவளைச் சகோதரி என்று அழைத்துச் சொன்னார்: “சரிதான் பெங்ஙளே. நம்ம தப்பு. திரக்கில், அவசரத்துல கவனிக்கல. மாத்தித் தராம்.”

நான் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தேன். அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஜாக்கியைத் தேடிக் குனிந்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, வெட்கமும் இல்லை. நிம்மதி. தப்பித்தோம், சாவி நமக்குத்தான் என்கிற நிம்மதி. ஒரு பத்து விநாடி அந்த நிம்மதியோடு நின்றேன்.

பதினோராவது விநாடியில் மீன் வண்டி டிரைவர் வாயைத் திறந்தார். “இவன்மார் எல்லாரும் இப்படித்தான் சேச்சி. அதான் எனக்கு மாசம் ரெண்டு பஞ்சர் வருது.” நாற்காலியில் இருந்த டீச்சரம்மா எழுந்து தன் ஸ்கூட்டரிடம் போனார். “அப்போ என் டயரும் சரியான சைஸ்தானா? பில்லைக் காட்டு, பாக்கறேன்.” சேட்டன் ஜாக்கியை விட்டுவிட்டு அவருக்கு பில் எடுக்கப் போனார். இடையில் புதிதாக வந்து நின்ற ஒருவர், நிலைமையைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போயே விட்டார்.

“அவர் இல்ல அக்கா” என்றேன். கம்ப்ரஸர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

“அக்கா, அவர் தப்பில்ல” என்றேன் கொஞ்சம் சத்தமாக. “என்னது?” என்றாள் அவள், காதைக் காட்டி.

மூச்சை இழுத்துக்கொண்டு முழு பலத்தோடு கத்தினேன். சரியாக அந்த நொடியில் கம்ப்ரஸர் நின்றது.

“நான்தான்! நான்தான் போடச் சொன்னேன்! அவர் ரெண்டு தடவை வேண்டாம்னார்!”

எதிர்ச் சாயாக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர் நாட்டுக்காரர், அட்டவணை, பதினோரு தடவை முன்னும் பின்னும், நேற்று சொன்ன பொய் எல்லாம். மீன் வண்டிக்காரர் மட்டும், “ஓ, அப்போ அந்தச் சத்தம் நீதானா? பஜார் ரோட்ல நானும் கேட்டேன்” என்றார்.

அக்கா நேராகச் சேட்டனிடம் போனாள்.

“சேட்டா, ஸாரி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க எதுக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க?”

அவர் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார். “மூத்த பெங்ஙள் அல்லே? இவன் நின்ன நில்ப்பு கண்டப்பவே மனசிலாயி, புரிஞ்சுபோச்சு. எனக்கும் உண்டு, மூணு பேர். மூணும் மூத்தது.”

டீச்சரம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அக்கா சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள், முடியவில்லை.

சரியான அளவில் இரண்டு முன் டயர் எறணாகுளத்திலிருந்து வர இரண்டு மணி நேரமாயிற்று. அதுவரை எதிர்க்கடையில் சாயாவும் பழம்பொரியும். வேலை செய்துகொண்டே சேட்டன் என்னை விடவில்லை. “அந்தக் கலர் பேப்பர் கொண்டு வந்திட்டுண்டோ? சுவத்துல ஒட்டி வைக்கலாம், காலண்டர் உனக்கு போரடிக்கும்” என்றார். டயர் மாட்டியதும் என்னையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் முழுசாக ஒடிக்கச் சொன்னார். ஒடித்தேன். சத்தமே இல்லை. “இப்போ படிச்சு தீர்ந்நு” என்றார்.

கழற்றிய இரண்டு அகல டயர்களும் வீணில்லை, பின்னால் இருப்பவை தேய்ந்ததும் அங்கே போட்டுக்கொள்ளலாம். அதுவரை அவை இருக்க அக்கா ஓர் இடம் தீர்மானித்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்தில். இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அறை முழுவதும் ரப்பர் வாசனை. அம்மா அவற்றின் மேல் ஒரு பலகையைப் போட்டுத் துணி மடித்து வைக்கிறாள்.

லீவு முடிந்து அக்கா போகும்போது காரை விற்கவில்லை. சாவியை என்னிடம் கொடுக்கவும் இல்லை. கார் ஓட்டத் தெரியாத அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கேட்க வேண்டும். எங்கே, எதற்கு, யார்கூட, எத்தனை மணிக்கு வருவாய் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, அம்மா அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் தருவாள்.

இப்போதும் அந்தக் கடை வழியாகப் போகும்போது சேட்டன் கையைத் தூக்கிக் காட்டுவார், நானும் ஹாரன் அடிப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து விநாடி ஞாபகம் வரும். தான் செய்யாத ஒரு தப்பை, கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, எவனோ ஒருவனுக்காகத் தன் தலையில் போட்டுக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. நானே செய்த ஒரு தப்பை, என்னைத் தூக்கி வளர்த்த ஒரே ஒரு அக்காவிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று.